பாரேன்

ஞாயிற்றுக்கிழமை. ஃபிராங்க்ஃபர்ட்டில்
சோப்புக்கடைகூடத் திறக்காது என்று
வரவேற்பில் இருந்த பையன் சொன்னான்.
நாலு நாள் பம்பு கண்காட்சியில் நின்ற கால்.
விமானம் நாளைக்கு.
அறையில் இரண்டு கட்டில்,
ஒன்றில் சுருக்கமே விழவில்லை.
செண்பகவல்லிக்கு விசா மறுத்துவிட்டார்கள்.
காரணத்தாளில், மூன்றாவது கட்டத்தில், ஒரு டிக்.

இரும்புப் பாலம் தாண்டினால்
மைன் ஆற்றின் அக்கரையில் ஷ்டேடல்.
எழுநூறு வருஷத்துப் படங்களாம்.
எனக்குப் படம் தெரியாது.
பீளமேட்டில், மோட்டார் பம்புக்கு சீல் மாட்டி
அழுத்தம் ஏற்றி
எங்கே கசிகிறது என்று பார்ப்பது என் வேலை.
பத்தொன்பது வருஷமாக அதை மட்டும் பார்க்கிறேன்.

பையைப் பூட்ட ஒரு நாணயம்.
காதில் மாட்ட ஒரு கருவி.
மொழிப் பட்டியலில் நம்முடையது இல்லை, தெரிந்ததுதான்.
ஆங்கிலத்தைத் தொடப்போன விரல் கீழே வழுக்கி
கொரிய மொழியோ என்னவோ
யாரோ ஒருத்தி பேச ஆரம்பித்தாள்.
திரும்பிப் போய் மாற்ற வரிசை நீளம்.
சரி, பேசு என்று விட்டுவிட்டேன்.
நல்ல குரல். காய்ச்சல்காரரை விசாரிப்பதுபோல
ஒவ்வொரு படத்தையும் விசாரித்தாள்.

தங்கப் பின்னணியில் மரியாள்கள்,
கழுத்தில் முறுக்கு மாட்டிய கனவான்கள்,
செத்த முயல், செத்த மீன்
(கறிக்கடையை இவ்வளவு பொறுமையாய் யார் வரைந்தது?).
ஒவ்வொரு முறையும் என் முழங்கை
இடப்பக்கம் லேசாக எழுந்து
காற்றை இடித்துவிட்டுத் திரும்பியது.
'பாரேன்' என்று வாய்வரை வந்த சொல்
ஆளில்லாமல் உள்ளே போனது.

பழைய தமிழில் அதற்குப்
பார்க்கமாட்டேன் என்று பொருள்.
பத்தாம் வகுப்பில் அதில் ஒரு மதிப்பெண் விட்டவள் நான்.
பக்கத்தில் ஆளில்லை என்றால்
இந்தச் சொல் தானாகவே
பழைய இலக்கணத்துக்குப் போய்விடுகிறது.
அடுத்த இரண்டு அறைகளைத்
தரை பார்த்தே கடந்தேன்.
மரப்பலகை இணைப்புகள் நேர்த்தி.

கதவோரம், தீயணைப்பானுக்குப் பக்கத்தில்,
நோட்டுப் புத்தக அளவில் ஒன்று மாட்டியிருந்தது.
ஆளில்லாத ஒரு நடை. செங்கல் தரை.
ஒரு மரவாளி.
வாளியின் அடியில் கறுப்பாய்,
நிழல் இல்லை அது,
ஈரம்.
இரண்டாம் வளையத்துக்குக் கீழே
முடியளவு வெள்ளை: சொட்டு ஒன்று விழப்போகிறது.
வரைந்தவர் யாரோ, வேலை தெரிந்தவர்.
எங்கிருந்து கிளம்புகிறது என்று குனிந்தேன்.
மூக்கு கோட்டைத் தாண்டியிருக்கிறது.
மணி அடித்தது.

ஓடிவந்த காவல்காரியின் பெயர்ப்பட்டையில் வெஸ்னா.
வாயில் ஜெர்மன்.
என் காதில் இன்னும் அந்தக் கொரியாக்காரி.
இருவருக்கும் நடுவே எனக்கு
ஆங்கிலம் மொத்தமும் கழன்றுபோய்,
வாளியைக் காட்டி,
"கசியுது, பாரேன்" என்றேன்.

பார்த்தாள்.
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு
கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்று
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
வெகுநேரம் பார்த்தாள்.
பிறகு தரையைப் பார்த்தாள்,
படத்துக்கு நேர் கீழே, இந்தக் கட்டடத்தின் தரையை.
அப்புறம்தான் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து
செண்பகவல்லிக்கு எழுதினேன்.
போட்டோ எடுக்கல. ஒரு வாளி பார்த்தேன்.
வேறொன்றும் எழுதவில்லை.
அங்கே மணி ஆறரை இருக்கும்,
குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்பாள்.
திரையில் மூன்று புள்ளிகள்
எழுந்து, அடங்கி,
மறுபடி எழுந்து,

"எந்த ஜாயின்ட்டுல?"